செயின்ட் லெஜர் எந்தப் புனிதர்?

சந்தைக்காரன்:
"மே மாதம் விற்றுவிட்டுக் கிளம்பு, செயின்ட் லெஜர் நாளில் திரும்பி வா" என்று லண்டன் பங்குத் தரகர்கள் சொல்வார்களாம். ஏதோ திருநாள் போல என்று சர்ச் காலண்டரில் செப்டம்பர் முழுக்கத் தேடிவிட்டேன். காணோம். யார் இவர்?

டான்காஸ்டர்வாசி:
புனிதரும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பெயரில் ஒரு புனிதர் உண்டுதான், ஆனால் அவர் திருநாள் அக்டோபர் 2. நீங்கள் கேட்பது குதிரைப் பந்தயம். இங்கிலாந்தின் டான்காஸ்டரில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடக்கிறது.

அந்தோனி செயின்ட் லெஜர் என்ற ராணுவ அதிகாரி 1776-இல் கான்ட்லி மேய்ச்சல் புறம்போக்கில் ஆரம்பித்தது. முதலில் ஜெயித்த பெட்டைக் குதிரைக்கு அன்றைக்குப் பெயர்கூடக் கிடையாது. அலபகூலியா என்று பிற்பாடுதான் வைத்தார்கள். அதன் சொந்தக்காரர் முன்னாள் பிரதமர் ராக்கிங்ஹாம் பிரபு. 1778-இல் பந்தயத்துக்குப் பெயர் தேடியபோது, ஆரம்பித்தவர் பெயரே இருக்கட்டும் என்றவர் அவர்தானாம். பிரபலமான எப்சம் டெர்பி பந்தயம்கூட இதற்கு நாலு வருஷம் இளையது.

பணக்காரத் தரகர்கள் கோடையில் பந்தயம், விருந்து என்று போய்விடுவார்கள்; செப்டம்பரில் லெஜர் முடிந்தால் சீசனும் முடிந்தது. அந்தப் பழமொழி அப்படி வந்தது. இன்றைக்கும் அந்த வாரம் சாயங்காலமானால் எங்கள் தெருவில் பெரிய தொப்பி வைத்த பெண்கள் ஹை ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போவார்கள்.

கிண்டி ரசிகர்:
மூத்தது சரி, மவுசு எங்கே? டெர்பி ஜெயித்த குதிரை இந்தப் பக்கம் வருவதே அபூர்வம்.

டான்காஸ்டர்வாசி:
உண்மைதான், வருத்தமும்தான். டெர்பி சுமார் 2.4 கிலோமீட்டர், இது 2.9. இங்கே ஜெயித்தால் 'தம் உண்டு, வேகம் இல்லை' என்று பேராகிவிடும். இனப்பெருக்கப் பண்ணைக்காரர்கள் கேட்பது வேகத்தைத்தான். அக்டோபரில் பாரிஸில் ஆர்க் என்ற பெரிய பந்தயம் வேறு இருப்பதால், நல்ல குதிரைகளை அதற்கென்று வைத்துக்கொள்கிறார்கள். 2000 கினீஸ் என்ற பந்தயம், டெர்பி, லெஜர் மூன்றையும் ஜெயித்த கடைசிக் குதிரை 1970-இல் நிஜின்ஸ்கி. 2012-இல் கேமலாட் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு இங்கே வந்து முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது.

1989-இல் இங்கே ஓடுதளமே உள்வாங்கிக் குதிரைகள் விழுந்தன. லெஜரை ஸ்காட்லாந்தின் ஏர் ஊருக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள்.

சந்தைக்காரன்:
நன்றி. பழமொழியை நம்பி மே மாதமே விற்றுவிட்டேன். ஆறு வாரமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பந்தயத்தைக் கொஞ்சம் முன்கூட்டி நடத்தச் சொல்ல முடியுமா?