பழைய நிதிக் கால்குலேட்டரில் மாதத் தவணை தவறாக வருகிறது: உதவி தேவை

செங்கதிர்:
சிவப்பு எண்கள் ஒளிரும் பழைய நிதிக் கால்குலேட்டர் ஒன்று கைக்கு வந்தது. 30,000 டாலர் கடன், 6 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு. என்னிடம் உள்ள மற்றொரு நிதிக் கால்குலேட்டரான ஹெச்பி-12சி (12சி) காட்டும் மாதத் தவணை 179.87, இதிலோ சற்றும் பொருந்தாத எண் வருகிறது. பழுதா? விரைவில் சொல்லுங்கள்.

நெடுவழி:
எந்த மாதிரி? எந்தப் பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தினீர்கள்? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

மின்கலன்:
அக்காலக் கருவிகளில் நான் முதலில் சந்தேகிப்பது நிக்கல்-காட்மியம் மின்கலத்தைத்தான். அது கசிந்து இணைப்புகளை அரித்திருக்கலாம். மின்கலப் பொதியைக் கழற்றிவிட்டு மின்னேற்றியில் மட்டும் இயக்காதீர்கள். உள்ளே உள்ள சுற்று கெட்டுப்போகும்.

பொதிகை:
ஆண்டு வட்டியை 12-ஆல் வகுத்தீர்களா?

கணக்கன்:
நண்பரே, இத்தகைய கருவியைத் தொடும் முன் அதன் கையேட்டைப் படிப்பது அடிப்படை ஒழுக்கம். உங்கள் 12சி 179.87-க்கு முன் கழித்தல் குறி காட்டியிருக்கும். அதைக்கூட நீங்கள் குறிப்பிடவில்லை.

செங்கதிர்:
வகுத்தேன். கழித்தல் குறி இருந்தது உண்மைதான். பின்புறச் சீட்டு அழிந்துவிட்டது. எண்டர் பொத்தான் இல்லை, 'சேவ்' என்று இருக்கிறது. பொன்னிறப் பொத்தான் ஒன்றும் உண்டு. முதலில் கடன் தொகையையும், பிறகு தவணை எண்ணிக்கையையும் வட்டியையும் இட்டேன்.

நெடுவழி:
'சேவ்' என்ற சொல்லே போதும். அது 1973-இல் 395 டாலருக்கு வந்த ஹெச்பி-80. பழுது கருவியில் இல்லை ஐயா, வரிசையில் இருக்கிறது. 12சி ஒவ்வொரு மதிப்பையும் அதற்குரிய தனி இடத்தில் வைப்பதால் எதை முதலில் இட்டாலும் கவலையில்லை. ஹெச்பி-80-இலோ மதிப்புகள், எண்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நான்கு நிலை அடுக்கிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஆகவே மதிப்புகளை இட, மேல்வரிசைப் பொத்தான்களை இடமிருந்து வலமாகவே பயன்படுத்த வேண்டும். 360-ஐ இட்டு 'என்' (தவணை எண்ணிக்கை), 0.5-ஐ இட்டு 'ஐ' (மாத வட்டி), 30,000-ஐ இட்டு 'பிவி' (கடன் தொகை), கடைசியில் விடைக்கு 'பிஎம்டி' (தவணை).

கணக்கன்:
இந்தக் கட்டாய வரிசையைத்தான் நான் குறையென்று சொல்வேன். 1981-இல் வந்த 12சி இன்றும் விற்பனையில் இருப்பதற்கு அதில் இந்தக் கட்டாயம் இல்லாததே காரணம்.

பொதிகை:
ஏற்க மாட்டேன். ஹெச்பி-80-க்கு முந்தைய ஆண்டில்தான் ஹெச்பி-35 என்ற கால்குலேட்டர், அறிவியல் கணக்குகளைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. கூட்டுவட்டி, கடன்பத்திர விலை, 1900 முதல் 2099 வரையிலான நாட்காட்டி ஆகியவற்றை, தனியாக ஒரே ஒரு நினைவகம் மட்டும் கொண்ட ஹெச்பி-80-இல் அடக்கியது பெரிய சாதனை. வட்டி அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு இடமிருந்து வலம் என்ற விதி ஒரு சுமையா? மேலும், பணம் வருவதையும் போவதையும் குறியால் பிரிக்கும் 12சி-யின் முறைதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது.

கணக்கன்:
அந்தக் குறி இல்லாவிட்டால் வரவும் செலவும் கலந்த கணக்கில் நீங்கள் எதைக் கொடுத்தீர்கள், எதைப் பெற்றீர்கள் என்பதைக் கருவி எப்படி அறியும்?

செங்கதிர்:
179.87 வந்துவிட்டது. நன்றி.

மின்கலன்:
மகிழ்ச்சி. மின்கலப் பொதியைத் திறந்து பார்த்தீர்களா?