அறையில் 20 டிகிரி காட்டுகிறது, ஆனாலும் குளிர் தாங்கவில்லை. பெரிய ஹீட்டர் வாங்கலாமா?

வடக்குமூலை:
வணக்கம். நாங்கள் வாடகைக்கு இருப்பது பழைய செங்கல் வீடு. வடக்கு மூலைப் படுக்கையறைதான் பிரச்சினை. இரண்டு பக்கம் வெளிச்சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். பாய்லரிலிருந்து சுடுதண்ணீர் ஓடும் ரேடியேட்டர் போதவில்லை என்று 2000 வாட் மின் ஹீட்டரையும் தினமும் 6 மணி நேரம் ஓடவிடுகிறோம். தெர்மோமீட்டரில் 20 டிகிரி வந்துவிடுகிறது. அப்படியும் கட்டிலில் உட்கார்ந்தால் முதுகு சில்லிடுகிறது. ஹீட்டரை அணைத்து அரை மணி நேரத்தில் அறை பழையபடி ஆகிவிடுகிறது. காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து கீழ்ச் சட்டத்தில் தேங்கி நிற்கிறது. போன வாரம் அலமாரியை நகர்த்தினால் பின்சுவரில் கறுப்பாகப் பூசணம். நான்கு வயது மகள் அங்கேதான் தூங்குகிறாள், அதனால் மனசு கேட்கவில்லை. 'குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு' என்று விற்கிறார்களே, அப்படி ஒன்று வாங்கலாமா? சுவரில் பெரிய வேலை செய்ய வீட்டுக்காரர் விடமாட்டார்.

பழையவீட்டுவாசி:
ஹீட்டர் வாங்காதீர்கள். எண்ணெய் நிரப்பியது, விசிறி வைத்தது, சிவப்பாக எரிவது, எதுவானாலும் சாதாரண மின் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். உங்களுடையது நிற்காமல் ஓடினால் நாளைக்கு 12 யூனிட். அதை மிஞ்சுவது ஹீட் பம்ப் ஒன்றுதான். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவருவதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குக் கிடைக்கும். சூடாக்கும் வசதியுள்ள ஏசியும் ஹீட் பம்ப்தான். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் அதைப் போடுங்கள்.

முதுகு சில்லிடுவதற்குக் காரணம் ஜன்னல். வெளியே 0, உள்ளே 20 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் ஏறக்குறைய 5 டிகிரியில்தான் இருக்கும். சுற்றியுள்ள காற்று சூடாக இருந்தாலும் உடம்புச் சூடு அந்தக் குளிர்ந்த பரப்பை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். தெர்மோமீட்டரில் அது தெரியாது. இன்றைக்கே கட்டிலை உட்சுவர்ப் பக்கம் தள்ளிப் போடுங்கள். இரவில் கனமான திரைச்சீலையை இழுத்து மூடுங்கள், ஆனால் அது ரேடியேட்டர் மேல் தொங்கக் கூடாது. தொங்கினால் சூடெல்லாம் திரைக்குப் பின்னாலேயே போய்விடும்.

அரை மணி நேரத்தில் சூடு போகிறது என்றால் எங்கோ காற்று ஓடுகிறது. காற்றடிக்கும் நாளில் ஹீட்டரை அணைத்துவிட்டு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் சட்டம், கதவின் அடி, தரை ஓர மரப்பட்டி, பரண் மூடி என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். துணிகளிலிருந்து தள்ளியே பிடியுங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை.

கதகதப்பு:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எல்லா இடுக்கையும் டேப் போட்டு அடைத்தேன். கேஸ் ஹீட்டர் இருக்கும் அறைச் சுவரில் கம்பிவலை போட்ட ஒரு துளை இருந்தது, அதிலும் துணியைத் திணித்துவிட்டேன். நல்ல வித்தியாசம் தெரிகிறது.

பாய்லர்மெக்கானிக்:
கதகதப்பு, அந்தத் துணியை இப்போதே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. அது கேஸ் எரியக் காற்று வரும் வழி. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விடும். அதற்கான அலாரம் ஒன்று மாட்டிவிட்டு, கருவியையும் ஒருமுறை ஆள் வைத்துப் பரிசோதியுங்கள். இடுக்குகளை அடைப்பது சரி. காற்றோட்டத்துக்கென்றே வைத்த துளையைத் தொடவே கூடாது.

வடக்குமூலை, ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பார்த்தீர்களா? மேலே எப்படி, கீழே எப்படி?

கதகதப்பு:
எடுத்துவிட்டேன். இவ்வளவு ஆபத்து என்று தெரியாது. நன்றி அண்ணா.

வடக்குமூலை:
ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன். ஜன்னல் கொக்கிப் பக்கம் புகை அப்படியே படுத்துவிட்டது. தரை ஓரத்திலும் உள்ளே காற்று வருகிறது. பரண் மூடிக்கு அடியில் பிடித்ததும் புகை நூல் மாதிரி மேலே இடுக்குக்குள் போனது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரேடியேட்டர் கீழே நல்ல சூடு, மேல் பாதி பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது.

பாய்லர்மெக்கானிக்:
உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். மேல் மூலையில் சின்ன வால்வு இருக்கும், அதற்கான சாவியால் கால் சுற்றுத் திருப்புங்கள். அடியில் துணி பிடியுங்கள், தண்ணீர் கறுப்பாக வரலாம். 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் வந்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரில் அழுத்தம் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். (மேலே சூடு, கீழே குளிர் என்றால் அது சேறு. அதற்கு ஆள் வர வேண்டும்.)

பழையவீட்டுவாசி:
சூடான காற்று பரண் வழியே மேலே போகப் போக, அந்த இடத்தை நிரப்பத் தரை ஓரத்தில் குளிர்காற்று உள்ளே வருகிறது. அதனால் முதலில் பரண் மூடியைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டுங்கள், அதன் முதுகில் தடித்த ஃபோம் பலகை ஒன்றும். ஜன்னலுக்கும் அதே டேப். தரை ஓர இடுக்குக்கு சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போதும், இதற்கெல்லாம் வீட்டுக்காரர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம், துணி எங்கே காயப்போடுகிறீர்கள்?

வடக்குமூலை:
அந்த அறையில்தான். ஹீட்டர் அங்கே ஓடுவதால்.

பழையவீட்டுவாசி:
பூசணத்துக்குக் காரணம் அதுதான். 20 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் ஈரம் படியும். அலமாரிக்குப் பின்னால் சூடு போகாததால் அந்தச் சுவர் இன்னும் குளிர்ந்திருக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், பூசணத்தைத் துடைக்கும்போது மகள் அந்த அறையில் இருக்க வேண்டாம். துணியை வேறு அறையில் போட்டு, அந்தக் கதவை மூடி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். காலையில் படுக்கையறை ஜன்னலை அகலமாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். சூடு போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். வெப்பம் பெரும்பாலும் சுவரிலும் சாமான்களிலும்தான் இருக்கிறது. ஈரக்காற்று போய்விடும், அறை சீக்கிரம் மறுபடி சூடாகிவிடும்.

வடக்குமூலை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். காற்றை எடுத்ததும் ரேடியேட்டர் மேல்வரை சூடாகிவிட்டது. பரண் மூடி, ஜன்னல், தரை ஓரம் மூன்றும் முடித்தோம், கட்டிலும் இடம் மாறிவிட்டது. மின் ஹீட்டர் இப்போது மகள் தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் மட்டும். தெர்மோமீட்டரில் 19தான், ஆனால் முதுகு சில்லிடவில்லை. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன், 52 காட்டுகிறது. இன்று காலை கண்ணாடியின் அடி ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது, துடைத்துவிட்டேன்.