டெல்லி ஹால் ஆஃப் நேஷன்ஸை எதைச் சொல்லி இடித்தார்கள்?

ஆர்க்கி_மாணவி:
வணக்கம். ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், டெல்லியின் கண்காட்சித் திடலான பிரகதி மைதானத்தில் இருந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி மண்டபம் பற்றி செமினார் எடுக்க வேண்டும். 1972 ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது, வடிவமைத்தவர் ராஜ் ரேவல், 2017-இல் இடித்துவிட்டார்கள், இதுவரை தெரியும். நன்றாக நின்றுகொண்டிருந்த கட்டடத்தை எதைச் சொல்லி இடித்தார்கள்? அப்புறம், ஸ்பேஸ் ஃப்ரேம் (சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக முப்பரிமாணத்தில் கோத்துக் கட்டும் அமைப்பு) என்றாலே இரும்புக் குழாய்தானே, இதை மட்டும் ஏன் கான்கிரீட்டில் கட்டினார்கள்?

சைட்_இன்ஜினியர்:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. அன்றைக்கு நம் நாட்டில் இரும்புக்குத் தட்டுப்பாடு, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. கான்கிரீட் போடத் தெரிந்த ஆட்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதனால் இதன் ஸ்ட்ரக்சர் இன்ஜினியர் மகேந்திர ராஜ் (சண்டிகரில் கட்டடக்கலைஞர் லெ கார்பூசியேயின் கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சர் பார்த்தவர்) முழுவதையும் கான்கிரீட்டுக்கே கணக்குப் போட்டார். சாய்வுச் சட்டம் ஒவ்வொன்றுக்கும் அங்கேயே சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கையால் போட்ட வேலை அது. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது, இடைவெளி 70 மீட்டருக்கு மேல்! படத்தில் முக்கோணங்களைப் பார்க்காதீர்கள், சட்டங்கள் வந்து சேரும் முடிச்சைப் பாருங்கள். எல்லாத் திசையிலிருந்தும் கம்பி வந்து அங்கே நெருக்கும், அதற்குள் ஜல்லி சிக்காமல் கலவை இறங்க வேண்டும், தேன்கூடு மாதிரி உள்ளே ஓட்டை விழுந்தால் முடிச்சே பலவீனம். சட்டங்களின் ஆழமே ஜாலி (துளைகள் உள்ள கல் சாளரத் திரை) மாதிரி வெயிலையும் மறைத்தது. வெயில் மறைக்கத் தனியாக எதுவும் தேவைப்படவில்லை.

டெல்லிவாசி:
இடித்த கதைக்கு வருகிறேன். அங்கே புதிய மாநாட்டு வளாகம் கட்ட வேண்டும் என்று சொல்லித்தான் இடித்தார்கள். பாரம்பரியக் கட்டடமாக அறிவியுங்கள் என்று கட்டடக்கலைஞர்கள் கேட்டபோது, டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு 60 வயது ஆகாத கட்டடத்தைப் பரிசீலிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. இதற்கு வயது 45தான். உயர் நீதிமன்றத்திலும் வழக்கு தள்ளுபடி ஆனது. ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு இயந்திரங்களை உள்ளே விட்டார்கள், விடிந்தபோது ஹால் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நாமே யோசித்து நாமே கட்டியவை எல்லாமே அன்றைக்கு 70 வயதுக்குள்தான், அவற்றின் மேல் கொண்டுபோய் 60 வயது அளவுகோலை வைத்தால் பெரும்பாலானவை அடிபட்டுப் போகும். எனக்கு இன்றும் ஆறவில்லை.

கொங்குநாடன்:
மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தலைநகருக்குப் பெரிய மாநாட்டு வளாகம் தேவைப்பட்டது உண்மை. அங்கே எழுந்த பாரத் மண்டபத்தில்தான் 2023-இல் ஜி20 மாநாடு நடந்தது. அழகாக இருக்கிறது என்பதற்காக ஊர் நடுவில் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க முடியுமா?

டெல்லிவாசி:
தேவையை யாருமே மறுக்கவில்லை கொங்குநாடன். நூறு ஏக்கருக்கு மேல் இருக்கிற மைதானம் அது, ஹாலை நடுவில் வைத்துச் சுற்றிப் புதிதாகக் கட்ட இடமா இல்லை? விழப்போகிறது என்று இடித்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

சைட்_இன்ஜினியர்:
நானும் டெல்லிவாசி பக்கம்தான். 2022-இல் நியூயார்க்கின் மோமா என்ற நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டடக்கலைக்கு ஒரு கண்காட்சி வைத்தது, அதில் இந்த ஹாலும் உண்டு. தங்கச்சி, செமினாருக்கு முன்னால் டெல்லி போக முடிந்தால் ஜந்தர் மந்தர் எதிரே பாலிகா கேந்திரா என்ற நகராட்சி அலுவலகக் கட்டடத்தைப் பாருங்கள். குல்தீப் சிங் வடிவமைத்தது, ஸ்ட்ரக்சர் இதே மகேந்திர ராஜ். அது இன்னும் நிற்கிறது. ரேவலின் கை தெரிய வேண்டுமென்றால் 1982 ஆசிய விளையாட்டுக்கு வந்த வீரர்கள் தங்கக் கட்டிய குடியிருப்புக் கிராமத்துக்குப் போங்கள், சந்து சந்தாக நடந்தே பார்க்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.