வி-புல்லட்டின் 3.8-இலிருந்து மாற வேண்டிய கட்டாயம்: ஸென்ஃபோரோவா, இன்விஷனா, டிஸ்கோர்ஸா?

கேள்வி: மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். மாடித்தோட்டத்துக்கும் நாட்டு விதைப் பரிமாற்றத்துக்குமான தமிழ் மன்றம் ஒன்றை நண்பர்கள் நால்வர் சேர்ந்து நடத்தி வருகிறோம். 2009-இல் வி-புல்லட்டின் 3.8 என்ற மன்ற மென்பொருளில் தொடங்கினோம், இன்றும் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பதிவுகளும், நோய் தாக்கிய இலை, பூச்சி, காய் எனப் பல ஆயிரம் படங்களும் உள்ளன. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படங்களைத் தேடித்தான் வருகிறார்கள்.

எங்கள் வழங்கியை (மன்றம் ஓடும் கணினியை) வாடகைக்குத் தரும் நிறுவனம், அந்த மென்பொருள் ஓடத் தேவையான பிஎச்பி நிரல்மொழியின் 5.6 பதிப்பை இனி வைத்திருக்க முடியாது என்று அறிவித்துவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் 3.8.7 அதற்கு மேற்பட்ட பதிப்புகளில் ஓடவில்லை. எனவே இனியும் தள்ளிப்போட வழியில்லை. உறுப்பினர்கள் சந்தாவாகத் தந்த பணம் கொஞ்சம் இருப்பதால், கட்டண மென்பொருளே வாங்கலாம் என்று நினைக்கிறோம். ஸென்ஃபோரோ, இன்விஷன், டிஸ்கோர்ஸ் ஆகிய மன்ற மென்பொருள்களில் எது எங்களுக்குப் பொருந்தும்?

எங்களுக்கு மூன்று கவலைகள் உள்ளன. முதலாவது, பழைய பதிவுகளும் படங்களும் சிதையாமல் வந்து சேருமா என்பது. இரண்டாவது, தேடுபொறிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பரவிக் கிடக்கும் பழைய சுட்டிகள் செத்துப்போகுமா என்பது. மூன்றாவது, கணினிப் பழக்கம் அதிகம் இல்லாத மூத்த உறுப்பினர்கள் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் அப்படியே போய்விடுவார்களோ என்பது. இப்போதுள்ள உரிமம் விலகிச் சென்ற பழைய நிர்வாகியின் மின்னஞ்சலில் இருக்கிறது. அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. இதையும் கருத்தில் கொண்டு வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய மட்டுறுத்துனர்

வணக்கம் நண்பரே. இரண்டு மன்றங்களை இவ்வாறு மாற்றிய அனுபவத்தில் எழுதுகிறேன். எந்த மென்பொருள் என்று முடிவு செய்வதற்கு முன், உங்கள் தரவுத்தளத்தில் தமிழ் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

வி-புல்லட்டின் 3-ஐ நிறுவியபோது எழுத்துக்குறியாக்கத்தை (எழுத்துக்களைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையை) மாற்றாமல் விட்டிருந்தால், அது மேற்கத்திய எழுத்துக்களுக்கான லத்தீன்-1 குறியாக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லை. எனவே உறுப்பினர் ஒருவர் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பும்போது, உலாவி ஒவ்வொரு எழுத்தையும் குறியையும் ஓர் எண்ணாக மாற்றி அனுப்பும். 'த' என்பது த என்று போய்ச் சேரும். 'தமிழ்' என்ற சொல்லில் ஒருங்குறி (யூனிகோட்) கணக்குப்படி த, ம, ி, ழ, ் என ஐந்து குறிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஏழு இடம் வீதம் அந்த ஒரு சொல்லே 35 பைட் பிடிக்கும். எல்லா மொழிகளுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்திருந்தால் 15 பைட் போதும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதால், பத்து ஆண்டுகள் நடத்தினாலும் இது நிர்வாகியின் கண்ணில் படாமலே போகலாம்.

இதைச் சோதிக்க, தரவுத்தளத்தைப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் பதிவுகள் அட்டவணையைத் திறந்து ஏதாவது ஒரு வரியைப் பாருங்கள். எண்களாகத் தெரிந்தால் மேலே சொன்ன நிலை. விசித்திரமான குறிகள் ஏறிய ஐரோப்பிய எழுத்துக்களாகத் தெரிந்தால், யூடிஎஃப்-8 தமிழ் லத்தீன்-1 என்ற பெயர்ப்பலகையின்கீழ் கிடக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் காப்புநகல் எடுக்கும்போதே கவனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முறை மாற்றப்பட்டு மீட்கக் கடினமான குப்பையாகிவிடும். நேராகத் தமிழே தெரிந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

இனி மென்பொருள். உங்களுடைய மூன்று கவலைகளையும் வைத்துப் பார்த்தால் நான் ஸென்ஃபோரோவைத்தான் சொல்வேன். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. வி-புல்லட்டினை நடத்திய ஜெல்சாஃப்ட் நிறுவனத்தை 2007-இல் இன்டர்நெட் பிராண்ட்ஸ் வாங்கியது. பிறகு கியர் டார்பி, மைக் சல்லிவன் முதலிய முதன்மை நிரலாளர்கள் வெளியேறி, 2010 அக்டோபரில் ஸென்ஃபோரோவின் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டார்கள். உடனே வழக்கும் வந்தது. அது 2013-இல்தான் முடிவுக்கு வந்தது. வி-புல்லட்டினின் உள்கட்டமைப்பை அறிந்தவர்களே உருவாக்கியதால், அதிலிருந்து தரவை இறக்குமதி செய்யும் கருவி தொடக்கம் முதலே வலுவாக இருக்கிறது.

கடவுச்சொல்லைப் பற்றிய கவலை வேண்டாம். வி-புல்லட்டின் 3 கடவுச்சொல்லை எம்டி5 என்ற மறைப்பு முறையில் இருமுறை சுருக்கி, இடையில் ஒரு உப்புச்சரம் (தற்செயலான எழுத்துச்சரம்) சேர்த்து வைக்கும். ஸென்ஃபோரோ அந்தச் சுருக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உறுப்பினர் முதன்முறை உள்நுழையும்போது வலுவான முறைக்கு மாற்றிவிடுகிறது. உங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

சுட்டிகளுக்கும் வழி உண்டு. புதிதாக நிறுவிய வெற்று மன்றத்தில் இறக்கினால், திரிகளின் (தனித்தனி விவாதங்களின்) பழைய எண்களையே தக்கவைத்துக்கொள்ளும் விருப்பத்தேர்வு கிடைக்கும். பழைய முகவரிகளைப் புதியவற்றுக்கு 301 திசைமாற்றமாக (நிரந்தர முகவரி மாற்றமாக) திருப்பும் நீட்சியும் (துணை நிரலும்) கிடைக்கிறது. படங்கள் தரவுத்தளத்துக்குள்ளேயே இருந்தால், முதலில் வி-புல்லட்டினின் நிர்வாகப் பலகையிலிருந்தே அவற்றைக் கோப்புறைக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். தரவுத்தளம் வெகுவாக இளைத்துவிடும், காப்புநகல் எடுப்பதும் எளிதாகும்.

உரிமம் வாங்கும்போது, மன்றத்துக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் திறந்து அதில் வாங்குங்கள். உங்களுக்கு நேர்ந்ததுதான் என்னுடைய முதல் மன்றத்துக்கும் நேர்ந்தது. நிர்வாகி விலகினார், உரிமமும் அவரோடு போயிற்று.

மறுமொழி 2: வழங்கிக்காரன்

மேலே உள்ள பதிலில் பெரும்பகுதி சரி. ஆனால் டிஸ்கோர்ஸை ஒரே வரியில்கூடத் தொடாமல் விட்டது நியாயமாகப் படவில்லை. ஜெஃப் அட்வுட் முதலியோர் 2013-இல் அறிவித்த அந்த மென்பொருள் திறந்த மூலத்தில் கிடைக்கிறது. கட்டணம் என்பது அவர்களே நடத்தித் தரும் சேவைக்குத்தான். கைபேசியில் அதன் அனுபவம் மிகச் சிறப்பானது. உங்கள் புதிய உறுப்பினர்கள் கைபேசியிலிருந்துதானே வருவார்கள்?

இருந்தாலும் தமிழ் மன்றத்துக்குச் சில உரசல்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்னமைப்பில் ஒரு பதிவு குறைந்தது 20 குறிகள் இருக்க வேண்டும் என்பது விதி. 'நன்றி' என்பதில் ஐந்துதான் உள்ளன. நன்றி சொல்லவே விடாத மன்றம் என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் கோபித்துக்கொண்டார், அமைப்பில் எண்ணைக் குறைத்த பிறகே சமாதானமானார். தமிழ்த் தலைப்புள்ள சுட்டிகளில் முன்னமைப்பில் தலைப்பு வராது, வெறுமனே 'டாபிக்' என்றுதான் வரும். மாற்றினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது இடம் பிடித்து, வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒரு முழ நீளம் நீளும். பழைய கடவுச்சொற்களைக் கொண்டுவரத் தனி நீட்சி தேவை. பலர் பகிர்ந்துகொள்ளும் பழைய பாணி வழங்கியில் டிஸ்கோர்ஸை நிறுவவும் முடியாது. டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் கருவி) ஓடும் தனி வழங்கியும் குறைந்தது ஒரு ஜிபி நினைவகமும் வேண்டும். கேட்டவருடைய மூன்றாவது கவலையை வைத்துப் பார்த்தால், ஸென்ஃபோரோ என்ற முடிவோடு நானும் மல்லுக்கட்டப் போவதில்லை.

வி-புல்லட்டினின் புதிய பதிப்புக்கே ஏறலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். 2019 செப்டம்பரில் ஐந்தாம் பதிப்பில் வெளிப்பட்ட ஓட்டையின்வழி, உள்நுழையாத ஒருவரே வழங்கியில் கட்டளைகளை இயக்க முடிந்தது. அடைத்த ஓட்டையைச் சுற்றிச் செல்லும் வழி 2020 ஆகஸ்டில் மறுபடி வெளியாயிற்று. இரவில் தூக்கம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து.

மறுமொழி 3: கணக்குப்பிள்ளை

நுட்பம் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. பணம் கட்டுவது பற்றி மட்டும். ஸென்ஃபோரோவின் சொந்த வழங்கி உரிமம் ஒருமுறை வாங்குவது. ஓராண்டுக்குப் புதுப்பிப்புகளும் உதவியும் கிடைக்கும், அதன்பின் புதுப்பிக்காவிட்டாலும் கையிலுள்ள பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். இன்விஷனை நான்காம் பதிப்பின் காலத்தில் நாங்கள் பயன்படுத்தியபோது ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணம் கட்டினோம்; கோப்பகம், வலைப்பூ, நாட்காட்டி எல்லாம் ஒரே கூரையின்கீழ் அழகாக இருந்தன, ஆனால் விதைப் பரிமாற்றத்துக்கு அவ்வளவு தேவைப்படாது.

இந்திய அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 2020 மார்ச்சுக்குப் பின் வழங்கப்பட்ட அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வரும், வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும். 2021 அக்டோபர் முதல் மாதாந்திரத் தானியங்கிப் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கியின் கூடுதல் ஒப்புதல் விதி வந்ததால், வெளிநாட்டு மாதச் சந்தாக்கள் பல நேரம் பாதியில் நின்றுவிடுகின்றன. மாதச் சந்தாவில் மன்றத்தை ஓட்டி, அட்டை மறுக்கப்பட்டதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு காலையில் மன்றமே காணாமல் போயிருக்கும். ஒருமுறை கட்டணமே நமக்கு நிம்மதி.

மீண்டும்: மாடித்தோட்டம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டவணையைத் திறந்து பார்த்தேன். பழைய மட்டுறுத்துனர் சொன்னது போலவே எல்லாம் எண்கள்! பொது மின்னஞ்சலில் ஸென்ஃபோரோ உரிமம் வாங்கி, பூட்டிய துணைத்தளம் ஒன்றில் சோதனைக்காக இறக்கிப் பார்த்தோம். பதிவுகளெல்லாம் நல்ல தமிழாக வந்துவிட்டன, படங்களும் வந்தன, என் பழைய கடவுச்சொல்லாலேயே உள்நுழைந்தேன். ஆனால் சில திரிகளின் தலைப்புகள் மட்டும் பாதியில் நின்று, கடைசியில் , &# போன்ற துண்டுகளோடு தொங்குகின்றன. 'கத்தரிச் செடியில் தண்டுத் துளைப்பானைக்' வரை வந்து அதற்குமேல் இல்லை. இது இறக்குமதியில் நேர்ந்த பிழையா?

மறுமொழி 4: பழைய மட்டுறுத்துனர்

இல்லை, அது இறக்குமதியின் குற்றமன்று. அந்தத் தலைப்புகள் பழைய மன்றத்திலேயே வெட்டுப்பட்டவை. வி-புல்லட்டின் 3-இல் தலைப்புக்கான இடம் 250. ஒரு குறிக்கு ஏழு இடமென்றால் 35 குறிகளோடு முடிந்துவிடும். மிஞ்சிய ஐந்து இடத்தில் அடுத்த குறியின் தலை மட்டும் உட்கார்ந்திருக்கும். இடைவெளிகள் ஓர் இடமே பிடிப்பதால் வெட்டு விழும் இடம் திரிக்குத் திரி சற்று மாறும். அறுந்துபோன பகுதி எங்கும் சேமிக்கப்படவில்லை, எனவே எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

பழைய தரவுத்தளத்தில், தலைப்பின் நீளம் சரியாக 250 ஆக உள்ள திரிகளை மட்டும் பட்டியலெடுங்கள். பழுதானவை பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். ஒவ்வொன்றின் முதல் பதிவையும் படித்து, மட்டுறுத்துனர்கள் துணைமன்ற வாரியாகப் பிரித்துக்கொண்டு கையால் திருத்த வேண்டியதுதான். ஸென்ஃபோரோவில் தலைப்புக்கு 150 குறிகள் வரை இடமுண்டு, அவை முழுத் தமிழ்க் குறிகளாகவே எண்ணப்படும். அதனால் இனி இந்தத் தொல்லை வராது. திருத்தத்தைச் சோதனைத் தளத்தில் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய மன்றத்தைப் பூட்டி, இறுதி இறக்குமதியை முடித்த பிறகு புதிய மன்றத்திலேயே திருத்துங்கள்.