கல்யாணச் சாமான்: பழைய பணியாரக்கல், வெண்கலம், பித்தளை எப்படிப் பார்த்து வாங்குவது?

பள்ளத்தூர் ஆச்சி:
மகள் கல்யாணத்துக்குச் சாமான் சேர்க்கிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பணியாரக்கல், வெண்கலப் பானை, பித்தளை அண்டா, மங்கு (எனாமல்) பாத்திரம் எல்லாம் கிடைக்கிறது. சாமான் பரப்பும் அன்றைக்குக் காட்ட மட்டும் இல்லை, அவள் தினமும் புழங்கணும். கேஸ் அடுப்புதான். எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

இரும்புச்சட்டி:
ஆச்சி, முதலில் பணியாரக்கல். ஏமாறுவது அங்கேதான் அதிகம். கல்லைக் கையில் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்கணும். சத்தம் அமுங்கி வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது, சூட்டில் அது நீளும். பிறகு ஒவ்வொரு குழிக்குள்ளும் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். மேலோட்டமான துரு தேய்த்தால் போய்விடும். துரு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் மாவு அதில் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பணியாரம் பிய்ந்துதான் வரும்.

பழக்குவதற்கு: சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்து, வடிகஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள், கஞ்சியைத் தினமும் மாற்றணும். கழுவி அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயைத் துணியால் மெல்லிசாகத் தடவிப் புகையும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி நாலு தடவை. எண்ணெய் கெட்டியாக இருந்தால் பிசுக்காகத் தங்கிவிடும். முதலில் காரப் பணியாரமே சுடட்டும். கருப்பட்டி சேர்த்த மாவு புதிதாகப் பழக்கிய கல்லில் கருகி ஒட்டும். சுட்ட கல்லில் பச்சைத்தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது, கல் விரிசல் விட்டுவிடும்.

தேவகோட்டை அண்ணன்:
வெண்கலப் பானையைத் தயங்காமல் வாங்குங்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்தது, சோறு, பொங்கலுக்கு அதற்கு ஈடில்லை. கீழே போட்டால் உடையும், அது ஒன்றுதான் கவனம்.

பித்தளையில் உள்ளே ஈயப்பூச்சு இல்லாமல் புளி, தயிர், எலுமிச்சை சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது, செம்பு இறங்கிக் களிம்பேறும். ஈயம் பூசுகிறவர்கள் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் என்ற உப்பைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சால் சுற்றிப் பரப்புவார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் பூசிய பாத்திரத்தைக் காலியாக அடுப்பில் வைத்தால் பூச்சு வழிந்து ஓரிடத்தில் திரளும். கம்பி நார் போட்டும் தேய்க்காதீர்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் மறுபூச்சுக்குக் கொடுத்துவிடணும்.

பூசுகிறவர் வைத்திருக்கும் கட்டியைக் காகிதத்தில் கீறிப் பாருங்கள். கறுப்பாக அழுத்தமான கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கிறது, அது நஞ்சு, வேண்டவே வேண்டாம். கோடு விழாததால் மட்டும் சுத்தம் என்று நம்பிவிட முடியாது, தெரிந்த ஆளிடமே கொடுங்கள். இதே காரணத்துக்காக, யார் செய்தது என்று தெரியாத பழைய ஈயச்சொம்பில் ரசம் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சமையல்கட்டு:
மங்கு அலமாரிக்கு அழகு. பூச்சு சிதறியிருந்தால் சில்லு சாப்பாட்டில் விழும். பழைய மஞ்சள், சிவப்புப் பூச்சில் காட்மியம் இருக்கலாம். அதில் சமைக்க வேண்டாம்.

எவர்சில்வர் வாங்கினால் 304 என்ற தர எண் அடியிலும் பில்லிலும் இருக்கணும். காந்தம் வைத்துப் பார்ப்பது போதாது, மலிவான 202-லும் அது பெரும்பாலும் ஒட்டாது. தண்ணீர் கொதித்த பிறகுதான் உப்பு. ஆறின தண்ணீரில் போட்டால் அடியில் தங்கிப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:
நன்றி. அண்டாவில் அடி ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரிகிறது, வாங்கலாமா?

தேவகோட்டை அண்ணன்:
பற்றவைத்த கோடாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். கடையிலேயே கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து அரைமணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். காகிதம் நனைந்தால் விட்டுவிடுங்கள்.