திடீர் திடீரென அணைந்துபோகும் வீட்டுக் கணினி: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

காவிரிக்கரை எழுதியது:

மாலை ஆறரை மணி. இந்த நேரத்தைக் கவனிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் கணினி பட்டென்று அணைந்து, தானே மறுபடி தொடங்கும். விண்டோஸ் பிழையில் நிற்கும்போது காட்டும் நீலத் திரை வராது. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் வரிசையாக நிற்கும். முறையாக மூடாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது என்பது உங்களுக்குத் தெரியும்.

பிளஸ் டூ படிக்கும் மகன் விளையாட உட்காரும் நேரமும் அதுதான். அவனைத்தான் குற்றம் சொன்னேன். கண்டதையெல்லாம் இறக்கி வைத்திருக்கிறாய் என்று திட்டி, எல்லா விளையாட்டுகளையும் அழிக்க வைத்தேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது அணைந்தது. அதே நொடியில் கொல்லைப்பக்கத்திலிருந்து மனைவி, "தொட்டி காலி, மோட்டார் போட்டிருக்கிறேன்" என்று குரல் கொடுத்தாள். வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். மூன்றில் இரண்டு முறை கணினி அணைந்தது. ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை மோட்டார் கிளம்பும்போது இழுக்கும். எங்கள் தெருவில் மாலையில் மின்னழுத்தம் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். என்னுடையது கேபினட்டோடு சேர்ந்து வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி); பின்னால் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்குமே, அந்த வகை. அதை மாற்றிவிட்டேன், மோட்டாருக்கும் தனி லைன் இழுத்தாகிவிட்டது. மோட்டார் போட்டால் இப்போது அணைவதில்லை. மகன்தான் இப்போதும் நண்பன் வீட்டுக்குப் போய் விளையாடுகிறான்.

வைகைப்புதல்வன் எழுதியது:

எனக்குத் தொல்லை கொடுத்தது ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். ஒரு நாள் நீலத் திரையில் மெமரி மேனேஜ்மெண்ட் என்று வரும், மறுநாள் வேறு பெயர், அதற்கடுத்த நாள் இன்னொன்று. கடைக்காரர் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவார். பத்து நாள் ஓடும். மறுபடி தூக்கிக்கொண்டு போவேன். இப்படி மூன்று முறை.

கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை யு.எஸ்.பி.யில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் இருட்டு அறையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டு ரேமில் ஒன்று கெட்டிருந்தது. கழற்றி வைத்த பிறகு இன்றுவரை நிற்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை அந்த மாதங்களில்தான் கேமராவிலிருந்து கணினிக்கு மாற்றி, கேமரா அட்டையை அழித்திருந்தேன். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் பல படங்களில் மேல் பாதி மட்டும் இருக்கிறது. கீழே வெறும் சாம்பல் நிறம். அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டும் படத்தில் அப்பாவின் முகம் இருக்கிறது, கைகள் இல்லை. கெட்ட ரேம் கணினியை நிறுத்துவதோடு விடாது. அதன் வழியே போகும் கோப்பையும் சத்தமில்லாமல் சிதைக்கும். கணினி அடிக்கடி நிற்கிறது என்றால், காரணம் தெரியும்வரை மூலப் பிரதியை அழிக்காதீர்கள்.

மலைக்காற்று எழுதியது:

வைகைப்புதல்வன், படங்களைப் பற்றி வாசித்தபோது மனம் கனத்தது. ஆனால் அந்த ரப்பர் விஷயத்தைச் சும்மா விட முடியவில்லை. ரேமின் விளிம்பில் மின்னுவது மிக மெல்லிய தங்கப் பூச்சு. ரப்பரில் அரம்போல் தேய்க்கும் துகள் உண்டு. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போகும். உதிரும் ரப்பர்த் துணுக்கு ரேம் மாட்டும் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது வேறு தொல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். மெம்டெஸ்ட் ஒரு சுற்று ஓடிப் பிழை வரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நான்கு சுற்றாவது ஓடட்டும். பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். சில நேரம் குற்றம் ஸ்லாட்டில் இருக்கும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்.எம்.பி., அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு, இயக்கத்தில் இருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். என்னுடைய கணினியில் அதை அணைத்த அன்றே கோளாறெல்லாம் நின்றது. ரேமில் ஒரு குறையும் இல்லை.

பழைய சர்வீஸ்காரன் எழுதியது:

இருபது வருடம் கடை வைத்திருந்தவன். மலைக்காற்று சொல்வது மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பருக்குப் பொருந்தும். பென்சில் அழிக்கும் மென்மையான வெள்ளை ரப்பரால் ஒருமுறை மெல்லத் துடைப்பதால் எதுவும் கெட்டு நான் பார்த்ததில்லை. மூன்றாம் முறையும் அதையே செய்து காசு வாங்கியதுதான் தவறு.

நான் எழுத வந்தது வேறு. ஓர் அம்மா கணினியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். "இருபது நிமிடம் ஓடுகிறது, நின்றுவிடுகிறது தம்பி" என்றார். அந்த இருபது நிமிடம் என்ற சொல்லிலேயே விடை இருந்தது. நான் காதில் வாங்கவில்லை. அன்று கடையில் கூட்டம். வைரஸாக இருக்கும் என்று சி, டி டிரைவ் இரண்டையும் ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவரைக் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் அதே கோளாறோடு வந்தார். அப்போதுதான் திறந்தேன். பிராசஸர் விசிறிக்கும் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தூசி கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. விரலால் உரித்து எடுத்தேன். பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது. சூடேறித்தான் நின்றிருக்கிறது. இரண்டையும் சரிசெய்ததும் நாள் முழுக்க ஓடியது. அந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "டி-யில் எங்கள் வீட்டுக்காரர் எழுதி வைத்த கணக்கு இருந்ததே தம்பி, அது எங்கே?" என்று கேட்டார். வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மீட்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன், உருப்படியாக எதுவும் வரவில்லை. அந்த அம்மா திட்டவில்லை. எவ்வளவு ஆயிற்று என்றார். நான் வாங்கவில்லை.

தம்பிமார்களே, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கொங்குமணி எழுதியது:

காவிரிக்கரை ஐயா, உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் அதன் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் யு.பி.எஸ். என்றும் நார்மல் என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மின்தடை வரும்போது பேட்டரிக்கு மாறச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். விளக்கு ஒருமுறை சிமிட்டும், விசிறிக்குத் தெரியவே தெரியாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கூட முழுச் சுமையில் சுமார் 16 மில்லி விநாடிதான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் மாறவில்லை என்றால் கணினி அணைந்துவிடும். யு.பி.எஸ். பக்கம் வைத்தால் வேகமாக மாறும், குறைந்த மின்னழுத்தம் வந்தாலும் சீக்கிரமே பேட்டரிக்குப் போய்விடும். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டராக இருந்தால் புது வகை எஸ்.எம்.பி.எஸ். சில அதோடு ஒத்துப்போகாது. வீட்டு மின்சாரத்தைப் போன்ற அலை தரும் சைன் அலை வகை வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். என் கதை இவ்வளவுதான்: இரண்டு மதர்போர்டு வாங்கிய பிறகுதான் அந்தச் சுவிட்சைப் பார்த்தேன்.

காவிரிக்கரை எழுதியது:

கொங்குமணி, மின்சாரம் போகும்போது மட்டும் இன்னும் அணைந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் எழுதியதை மகனிடம் வாசித்துக் காட்டினேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போனவன், "நார்மலில்தான் இருக்கிறது அப்பா" என்றான். அவனே மாற்றி வைத்தான். மெயினை நான் அணைத்தேன், அவன் கணினி முன் உட்கார்ந்திருந்தான். அணையவில்லை. "இன்னொரு தடவை போடுங்கள்" என்றான்.