ஊட்டிப் பக்கத்துக் கல்லூரி வானொலி: எந்தத் தேதியை நம்புவது, பூஞ்சை பிடித்த கேசட்டை என்ன செய்வது?

கேத்தி வாசகர்:
வணக்கம். ஊட்டிக்கு அருகில் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலிக்கு வரலாற்று மலர் தயாராகிறது. தொடக்க ஆண்டு ஒரு தாளில் 2007, கல்வெட்டில் 2008. கையில் இருப்பவை: 60 நிமிட கேசட் நாற்பது சொச்சம் (படுகு, தோடா மொழிப் பேட்டிகள்), எழுதிய சி.டி. ஒரு கட்டு, பழைய எடிட்டிங் கணினியின் ஐ.டி.இ. (பழைய வகை இணைப்பு) ஹார்ட் டிஸ்க் ஒன்று. பாதி கேசட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஜனவரி வெயிலில் காயவைத்து ஓட்டலாமா? பழைய ஆண்டு மலரில் "மாவட்டம் முழுவதும் கேட்டது" என்று இருக்கிறது, அதை அப்படியே போடலாமா?

பழைய லாக் புக்:
தேதியிலிருந்து வருகிறேன். ஒரு சமுதாய வானொலிக்குப் பிறந்தநாள் ஒன்று அல்ல. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விருப்பக் கடிதம் (அனுமதி தரத் தயார் என்ற முதல் கடிதம்) வந்த நாள், அனுமதி ஒப்பந்தம் கையெழுத்தான நாள், வயர்லெஸ் பிரிவு இயக்க உரிமம் தந்த நாள், மேடை போட்டு ரிப்பன் வெட்டிய நாள், எல்லாமே வேறு வேறு. கல்வெட்டில் இருப்பது அநேகமாக ரிப்பன் தேதி. நாலையும் போட்டு, எது எது என்று சொல்லிவிடுங்கள். சண்டை வராது.

இது நம்மூர்த் தகராறு மட்டும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக நிலையம் 9எக்ஸ்எம் என்ற சோதனை நிலையமாக இருந்து, 1922 ஜனவரி 13-ல் டபிள்யூ.எச்.ஏ. என்று உரிமம் பெற்றது. "நாட்டிலேயே பழைய வானொலி" என்ற பட்டத்துக்கு அதுவும் நிற்கிறது, 1920 நவம்பர் 2-ல் தொடங்கிய பிட்ஸ்பர்க் கே.டி.கே.ஏ.வும் நிற்கிறது. சோதனையைக் கணக்கில் எடுத்தால் ஒரு விடை, எடுக்காவிட்டால் வேறு விடை.

எந்த ஆண்டுக்கு முன்னால் போகக்கூடாது என்று தேதிக்கு ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள். கல்வி நிறுவனங்களுக்கு வானொலி தரலாம் என்று ஒன்றிய அரசு முடிவெடுத்தது 2002 டிசம்பரில். முதல் வளாக வானொலியான சென்னை அண்ணா எஃப்.எம். ஒலித்தது 2004 பிப்ரவரி 1-ல். தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது 2006 நவம்பரில். 2004-க்கு முன்பே கல்லூரி வானொலி ஓடியது என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் வளாகத்துக்குள் கம்பி இழுத்த ஒலிபெருக்கியாக இருந்திருக்கும்.

ஆரம்பகால நிகழ்ச்சிகள் ஏன் இல்லை என்று நிலையத்தாரைத் திட்ட வேண்டாம். ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் விதி. டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றியிருப்பார்கள். ஆகவே கியூ ஷீட் (நிகழ்ச்சி வரிசைத் தாள்), டிரான்ஸ்மிட்டர் லாக் (கருவி ஓடிய குறிப்பேடு), ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிய பில் ஆகியவற்றைத் தேடுங்கள். எந்த நாள் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை டீசல் பில் சொல்கிற அளவுக்கு மலர்க் கட்டுரை சொல்லாது.

ரீல்காரன்:
வெயிலில் வைக்காதீர்கள். மலையில் காற்று குளிராக இருந்தாலும் வெயில் கடுமை. கேசட் கூடு வளைந்துவிடும், டேப் சுருங்கி உள்ளே உரசும்.

முதலில் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைத் தூள் இருந்தால் பூஞ்சை. அதை நல்ல டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போட்டால் தூள் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் முனை) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். பூத்தவற்றைத் தனி டப்பாவில் பிரித்து வையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு.

காயவைக்க: இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, நாற்பது கேசட்டுக்கு அரைக் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 சதவீதத்துக்கு இறங்கும்வரை, குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். நீல மணிகள் வெளுத்து ரோஸ் நிறமானால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு நல்ல காலம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் டப்பாவைத் திறந்தாலே போச்சு.

காய்ந்த பின் பூஞ்சையை எடுக்க ஒரு பழைய டெக்கைப் பலி கொடுங்கள். அதில் முன்னும் பின்னும் சுற்றும்போது, டேப்பைத் தொட்டும் தொடாமலும் உலர்ந்த மென்துணி பிடித்தால் தூள் துணியில் வரும். இதை மொட்டை மாடியில் செய்யுங்கள், ஸ்டூடியோவில் வேண்டாம்.

ஓட்டும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடம். ஒன்று, டேப்பை ஹெட்டோடு அமுக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும், சத்தம் மங்கி மங்கி வரும். ஐந்து திருகு போட்ட புதுக் கூடு வாங்கி டேப்பை மாற்றிவிடுங்கள். இரண்டாவது, ஹெட்டின் கோணம். பதிந்த கருவியும் ஓட்டும் கருவியும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். மோனோவில் கேட்டுக்கொண்டே ஹெட்டின் பக்கத் திருகை மெதுவாகத் திருப்புங்கள், "ச", "ஸ" கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு போதும். ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில்தான், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். கோப்பின் பெயரிலேயே தேதி, ஹட்டி (படுகர் ஊர்) அல்லது மந்து (தோடர் ஊர்), பேசியவர் என்று எழுதிவிடுங்கள். இணையத்தில் போடும் முன் அந்தக் குடும்பத்தாரிடம் கேளுங்கள். இழவுப் பாட்டுகள் இருந்தால் கட்டாயம்.

குன்னூர் ஆன்டெனா:
"மாவட்டம் முழுவதும்" என்பதை வெட்டுங்கள். விதிப்படி சமுதாய வானொலியின் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்தான், தனி அனுமதி இருந்தால் 250 வாட் வரை, கோபுரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பண்பலை நேர்கோட்டில் போகிறது. ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. அந்தப் பக்கம் அலை எட்டாத நிழல்தான், கேத்திப் பள்ளத்தாக்கிலும் பாதி நிழல். அதே சமயம் சிகரத்து விளிம்பில் நிற்கும் கோபுரம் சமவெளியை நன்றாகவே பிடிக்கும். கொடைக்கானல் அகில இந்திய வானொலி, 100.5 மெகாஹெர்ட்ஸில், 10 கிலோவாட் வைத்து மதுரை வரை தெளிவாகப் போனதற்கு உயரமும் பாதிக் காரணம். அந்தக் கணக்கை 50 வாட் டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குப் போடக்கூடாது.

லாக்கில், ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்குத் திரும்பி வரும் சக்தி என்ற கட்டத்தைப் பாருங்கள். வழக்கமாக 1 வாட், மழை மாதங்களில் 5 வாட் என்று ஏறியிருந்தால் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பெட்டி தானாகச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், வீச்சு சுருங்கும். எந்த ஊரில் எப்போது கேட்டது என்பதற்கு இதுவே நல்ல சாட்சி.

கேத்தி வாசகர்:
நன்றி. எதிலிருந்து தொடங்குவது?

ரீல்காரன்:
ஹார்ட் டிஸ்க், பிறகு சி.டி., கடைசியாக கேசட். பழைய கணினியை ஆன் செய்து பார்க்க வேண்டாம், அது டிஸ்க்கில் எதையாவது எழுதும். தனி அடாப்டர் வைத்த யு.எஸ்.பி. மாற்றி வாங்குங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், அடாப்டர் இல்லாத மலிவு மாற்றியில் சுற்றவே சுற்றாது. கோப்புகளை இழுத்துப் போடாமல் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் வைத்து முழு நகல் எடுத்துவிட்டு, நகலில் தேடுங்கள். டிக் டிக் என்று தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். சி.டி.யில் ஒட்டிய லேபிளை உரிக்காதீர்கள், தகவல் இருக்கும் அடுக்கு அதற்கு நேர் கீழேதான், கூடவே வந்துவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள், வட்டமாக அல்ல. ஒரு டிரைவில் படிக்காதது இன்னொன்றில் படிக்கும்.